முகத்துக்கு ஊசியா, லேசரா, ஆபரேஷனா: முதல் தடவை போறவங்களுக்கு

பொண்ணோட நிச்சயதார்த்த ஆல்பம் வந்தப்போ எனக்கு 52 வயசு. அதுல ஒவ்வொரு போட்டோலயும் நான் ரெண்டு ராத்திரி தூங்காதவ மாதிரி இருந்தேன், பார்த்தவங்க எல்லாம் "உடம்புக்கு என்ன"ன்னுதான் கேட்டாங்க. கல்யாணத்துக்கு ஏழு மாசம் இருந்துச்சு. அந்த அவசரத்துல தெருமுனை பார்லர்ல "பீலிங் பண்ணிக்கோங்க அக்கா, பத்து வயசு குறையும்"னு சொன்ன பேச்சைக் கேட்டு முகத்தைக் குடுத்துட்டேன் (பீலிங், பீல்னா ஆசிட் தடவி மேல் தோலை உரிக்கிறது), எத்தனை சதவீதம் ஆசிட்னு தடவினவங்களுக்கும் தெரியல எனக்கும் கேக்கத் தெரியல, மூணாம் நாள் ரெண்டு கன்னமும் கருகிப் போச்சு, அந்தக் கருப்பு மங்குறதுக்கு எட்டு மாசம் ஆச்சு. கல்யாண மேடையில கன்னம் பூரா மேக்கப்பை அப்பிக்கிட்டுத்தான் நின்னேன்.

அதுக்கப்புறம்தான் முறையா படிச்ச ஸ்கின் டாக்டர்கிட்ட போனேன். இமைக்கு ஆபரேஷன், புருவ நடுவுல தசையைத் தளர்த்துற போடாக்ஸ் ஊசி, கன்னத்துல பள்ளம் நிரப்புற ஃபில்லர் ஊசி கொஞ்சம்னு மூணு வருஷத்துல ஒவ்வொண்ணா பண்ணிக்கிட்டேன். இப்போ தங்கச்சி, கூட வேலை பார்த்த டீச்சருங்க, மாடி வீட்டு அக்கான்னு எல்லாரும் எங்கிட்ட கேக்குறாங்க. எல்லார்கிட்டயும் நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான். முகத்துல வயசு தெரியுறதுக்குக் காரணம் ஒண்ணு இல்ல, நாலு. உங்க முகத்துல எந்த இடத்துல எது நடக்குதுன்னு பார்க்காம "போடாக்ஸ் எவ்வளவு"ன்னு ஆரம்பிச்சா காசும் போகும், முகமும் கெடும்.

முதல்ல ஒரு கைக்கண்ணாடி

பகல் வெளிச்சத்துல, மேக்கப் இல்லாம, ஜன்னல் பக்கம் உக்காருங்க. நல்லா முறைச்சுப் பாருங்க, புருவத்தைத் தூக்குங்க, கண்ணு சுருங்கச் சிரிங்க, அப்புறம் முகத்தை அப்படியே தளர விட்டுடுங்க. முறைக்கும்போது மட்டும் விழுந்து தளர்த்தினதும் மறையுற கோடு எல்லாம் தசை இழுக்குறதால வர்றது, அதுக்குத்தான் போடாக்ஸ். தளர்த்தின பிறகும் அங்கேயே நிக்கிற கோடு தோல்லயே மடிஞ்சு பதிஞ்சு போச்சுன்னு அர்த்தம், போடாக்ஸ் போட்டா லேசாகும், முழுசா அழியாது, அதை முன்கூட்டியே மனசுல வச்சுக்கோங்க.

அடுத்து அந்தக் கண்ணாடியோட மல்லாக்கப் படுத்து முகத்தைப் பாருங்க. படுத்ததும் தாடையோரத் தொங்கலும் வாயோர மடிப்பும் காணாம போச்சுன்னா அது தொய்வு, அதாவது தோலும் அதுக்கு அடியில இருக்குற திசுவும் எறங்கிடுச்சு. படுத்தும் கன்னம் பள்ளமாவே இருந்தா, கண்ணுக்குக் கீழ குழி அப்படியே இருந்தா, அது உள்ள இருக்குற கொழுப்பும் எலும்பும் குறைஞ்சுபோன பள்ளம். நாலாவது தோலோட மேற்பரப்பு: மங்கு, கருந்திட்டு, சொரசொரப்பு, பெரிய துவாரம், காகிதம் கசங்கின மாதிரி மெல்லிசு சுருக்கம். இது பெரும்பாலும் வெயில் செஞ்ச வேலை. தசை, பள்ளம், தொய்வு, தோல் மேற்பரப்பு, இந்த நாலும் வேற வேற, நாலுக்கும் மருந்தும் வேற.

இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. கடைவாய்ப் பல்லு எத்தனை போயிருக்குன்னு பாருங்க. எங்க மாடி வீட்டு அக்காவுக்கு ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லே இல்ல, அவங்க கன்னம் ஒட்டினதுக்கும் வாயோரம் சுருங்கினதுக்கும் பாதி காரணம் அதுதான், பல்செட் சரியா கட்டின பிறகு ஃபில்லர் பத்தின பேச்சையே அவங்க எடுக்கல.

ஊசிக்கு முன்னாடி மூணு மாசம்

இதைப் படிச்சு சலிச்சுக்காதீங்க, உண்மையிலேயே காசு மிச்சமாகுற இடம் இதுதான். சன்ஸ்க்ரீன். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாகாணத்துல நம்பூர்னு ஒரு ஊர்ல 900 பேருக்கு மேல வச்சு நாலரை வருஷம் சோதனை பண்ணி 2013-ல வெளியிட்டாங்க, தினமும் தடவினவங்களுக்கு, இஷ்டப்பட்டப்போ தடவினவங்களை விட தோல் மூப்பு 24 சதவீதம் குறைவா இருந்துச்சு. எஸ்பிஎஃப் 30-க்கு மேல, முகம் கழுத்துக்கு ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு முழுக்க நீளமா பிதுக்குற அளவு, காலையில ஒரு தடவை, வெளிய இருந்தா ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா. மங்கு இருக்குறவங்க நிறம் சேர்த்த சன்ஸ்க்ரீன் வாங்குங்க, அதுல இருக்குற அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தையும் தடுக்கும், நம்ம தோலுக்கு அந்த வெளிச்சமே மங்கைக் கூட்டும்.

ராத்திரிக்கு ட்ரெட்டினாயின். பருவுக்கு வந்த மருந்துதான், 1980-கள்ல இருந்தே வெயில் பட்ட சுருக்கத்துக்கும் வேலை செய்யுதுன்னு நிரூபிச்சிருக்காங்க. டாக்டர் சீட்டு இல்லாம வாங்காதீங்க, 0.025 சதவீதத்துல ஒரு பட்டாணி அளவு, வாரம் ரெண்டு ராத்திரின்னு ஆரம்பிச்சு மெதுவா கூட்டணும், முதல் மாசம் தோல் உரியும் சிவக்கும், மூணு மாசம் போனாதான் வித்தியாசம் கண்ணுல படும். கர்ப்பமா இருக்குறவங்க, அதுக்குத் தயாராகுறவங்க தொடவே கூடாது.

மெடிக்கல் ஷாப்ல "வெள்ளையாக்குற க்ரீம்"னு தூக்கிக் குடுக்குறதுல நிறையவற்றுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். 2018-ல மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு ஷெட்யூல் ஹெச்-ல கொண்டு வந்துச்சு, இன்னமும் கவுண்டர்ல சும்மா கேட்டா கிடைக்குது. முதல் ஒரு மாசம் முகம் பளபளன்னு ஆகும், அப்புறம் தோல் மெலிஞ்சு ரத்த நரம்பு தெரியும், வெயில்ல நின்னாலே எரியும். நீங்க ஏற்கனவே தடவிட்டு இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, திடீர்னு நிறுத்தினா முகம் கொந்தளிச்சுடும், அவங்க படிப்படியா குறைப்பாங்க.

யார் கையில ஊசி இருக்கு

போர்டுல "காஸ்மெட்டாலஜிஸ்ட்"னு போட்டிருந்தா அதை ஒரு மருத்துவப் படிப்புன்னு எடுத்துக்காதீங்க, ஆறு வார கோர்ஸ் முடிச்சவங்களும் அப்படிப் போட்டுக்குறாங்க. தோல், ஊசி, லேசருக்கு எம்டி டிவிஎல், இல்லன்னா டிஎன்பி தோல் மருத்துவம் படிச்சவங்க. ஆபரேஷனுக்கு எம்சிஹெச் பிளாஸ்டிக் சர்ஜரி. இமைக்கு மட்டும்னா கண் டாக்டருங்கள்லயே ஆக்யுலோபிளாஸ்டின்னு தனிப் பயிற்சி எடுத்தவங்க இருக்காங்க, சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் மாதிரி பெரிய கண் ஆஸ்பத்திரிகள்ல அதுக்குத் தனிப் பிரிவே இருக்கு. டாக்டரோட பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மாநில மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டுல தட்டிப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. கேக்குறதுக்குக் கூச்சமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, கேட்டப்போ அந்த டாக்டர் சிரிச்சுக்கிட்டே எழுதியே குடுத்தாங்க.

முதல் சந்திப்புக்குப் போகும்போது சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் இளக்குற மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து, சுகர், பிபி எல்லாம் சொல்லணும். ஹார்ட்டுக்காக எடுக்குற மாத்திரையை ஊசி போடுறதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, அதை இதய டாக்டர்தான் முடிவு பண்ணணும். உதட்டுல அடிக்கடி அக்கி மாதிரி கொப்புளம் வருமா, காது குத்தின இடத்துல தழும்பு தடிச்சு வளர்ந்துச்சா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டீங்களா, இதெல்லாம் உங்களுக்கு சம்பந்தமில்லாத மாதிரி தோணும், லேசருக்கும் பீலுக்கும் இதுதான் முக்கியம்.

டாக்டர் உங்க பேச்சைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள "பேக்கேஜ்" பேச ஒரு கவுன்சிலர் வந்து உக்காந்தா, "இன்னைக்கே கட்டினா பாதி விலை"ன்னு சொன்னா, எழுந்து வந்துடுங்க. நான் பார்த்த நல்ல டாக்டருங்க ரெண்டு பேருமே முதல் நாள் எதுவும் பண்ணல. அழகுக்காகப் பண்றதுக்குப் பொதுவா இன்சூரன்ஸ் வராது, பில்லுல ஜிஎஸ்டியும் சேரும், அதனால மொத்தம் எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

போடாக்ஸ்

இதுக்குத்தான் எல்லாரும் பயப்படுறாங்க, முறையா போட்டா இருக்குறதுலயே கணக்குத் தெளிவான வைத்தியம் இதுன்னு நான் சொல்லுவேன். க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்ங்கிற கிருமி உண்டாக்குற நஞ்சைச் சுத்தம் பண்ணி, ரொம்ப ரொம்பக் குறைஞ்ச அளவுல தசைக்குள்ள போடுறாங்க. நரம்பு தசைக்கு அனுப்புற சேதியை அது தடுக்கும், தசை இழுக்காது, மேல இருக்குற தோல் மடியாது. 1980-கள் கடைசியில கனடாவுல வான்கூவர்ல ஜீன் கரதர்ஸ்னு ஒரு கண் டாக்டர், இமை துடிச்சுக்கிட்டே இருக்குற வியாதிக்கு இதைப் போட்டப்போ, புருவ நடுவுல இருந்த கோடு மறைஞ்சதை ஒரு நோயாளி சொல்லித்தான் கவனிச்சாங்க. அவங்க வீட்டுக்காரர் அலஸ்டர் தோல் டாக்டர், ரெண்டு பேரும் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணினாங்க. அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002-ல புருவ நடுக் கோட்டுக்கு அனுமதி குடுத்துச்சு.

புருவ நடுவுக்கு போடாக்ஸ்னா 20 யூனிட், ரெண்டு கண்ணோரத்துக்கும் சேர்த்து 24 யூனிட், இது அனுமதிச்ச அளவு, ஆளைப் பொறுத்து டாக்டர் கூட்டிக் குறைப்பாங்க. டிஸ்போர்ட்னா அதே புருவ நடுவுக்கு 50 யூனிட். பிராண்டுக்கு பிராண்டு யூனிட் கணக்கே வேற, அதனால "அங்க 50 யூனிட் தர்றாங்க, இங்க 20 தான்"னு ஒப்பிட்டு ஏமாந்துடாதீங்க. பாட்டிலை உங்க முன்னாடி எடுக்கச் சொல்லி பிராண்டு, தேதி பாருங்க, எனக்கு எத்தனை யூனிட்னு கேளுங்க. தூளா வர்றதை உப்புத் தண்ணியில கலக்குறாங்க, தண்ணி ஜாஸ்தியானா விலையும் மலிவா இருக்கும், பலனும் மலிவா இருக்கும்.

போட அஞ்சு பத்து நிமிஷம், எறும்பு கடிச்ச மாதிரிதான். நாலு மணி நேரம் படுக்காதீங்க, போட்ட இடத்தைத் தேய்க்காதீங்க, அன்னைக்கு இறுக்கமான ஹெல்மெட், கோயில்ல விழுந்து கும்பிடுறது, யோகா, எண்ணெய்க் குளியல் வேண்டாம். மூணு நாலு நாள்ல பிடிக்க ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல முழுசா தெரியும், மூணு நாலு மாசம் நிக்கும், அப்புறம் தசை பழையபடி வேலை செய்யும். ரெண்டு வாரம் கழிச்சு ஒருக்கா காட்டணும், ஒரு புருவம் மேல ஒரு புருவம் கீழன்னு இருந்தா அப்பத்தான் சரி பண்ணுவாங்க. எப்பவாவது மருந்து பரவி இமை ஒரு பக்கம் எறங்கிடும், பயமா இருக்கும், சில வாரத்துல தானா சரியாகும், நடுவுல சமாளிக்கச் சொட்டு மருந்து இருக்கு. கர்ப்பிணிகள், பால் குடுக்குறவங்க, மயஸ்தீனியா மாதிரி தசை பலவீன நோய் இருக்குறவங்களுக்கு இது கூடாது.

இப்போ என் கதை. நான் போய்க் கேட்டது நெத்திக் கோட்டுக்கு. டாக்டர் கண்ணை மூடச் சொன்னாங்க, உள்ளங்கையால நெத்தியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு "இப்போ நெத்தியைத் தூக்காம கண்ணைத் திறங்க அம்மா"ன்னாங்க. திறந்தா மேல் இமைத் தோல் முழியில பாதி வரைக்கும் வந்து நிக்குது, பாதிதான் தெரியுது. நாள் பூரா அந்தத் தோலைத் தூக்கிப் பிடிக்கத்தான் என் நெத்தித் தசை வேலை செஞ்சுட்டு இருந்திருக்கு, அதனாலதான் நெத்தியில கோடு, சாயங்காலம் ஆனா தலைவலி. அந்தத் தசையை போடாக்ஸ் போட்டு மரக்கடிச்சிருந்தா புருவமும் இமையும் சேர்ந்து கண்ணு மேல விழுந்திருக்கும். நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல நெத்திக்குப் போடாக்ஸ் கேக்கப் போறவங்க வீட்டுலயே இந்த உள்ளங்கை சோதனையைப் பண்ணிப் பார்த்துட்டுப் போங்க.

ஃபில்லர்

பள்ளத்தை நிரப்புறது. பெரும்பாலும் ஹயலுரானிக் ஆசிட் ஜெல், நம்ம உடம்புலயே இருக்குற பொருள்தான், தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். இடத்தையும் ஜெல்லையும் பொறுத்து ஆறு மாசத்துல இருந்து ஒன்றரை வருஷம் நிக்கும். முதல் தடவை போறவங்க இந்த வகை தவிர வேற எதுக்கும் ஒத்துக்காதீங்க, ஏன்னா பிடிக்கலன்னாலும் தப்பானாலும் ஹயலுரானிடேஸ்னு ஒரு மருந்து போட்டுக் கரைச்சுடலாம், மத்த வகைகளை அப்படிக் கரைக்க முடியாது, நிரந்தரமா நிக்கும்னு சொல்லி சிலிக்கான் மாதிரி எதையாவது போடுறவங்க பக்கமே போகாதீங்க.

இதுல இருக்குற பெரிய ஆபத்தைச் சொல்லாம விட்டா நான் எழுதி பிரயோஜனமே இல்ல. ஜெல் தப்பித் தவறி ரத்தக் குழாய்க்குள்ள போனா அந்தக் குழாய் அடைபடும், அது ரத்தம் குடுக்குற தோல் செத்துடும். மூக்கு, புருவ நடு இந்த ரெண்டு இடத்துக் குழாய்கள் கண்ணுக்குப் போற குழாயோட சேருது, அரிதாத்தான் நடக்கும்னாலும் பார்வையே போயிருக்கு. அதனால மூக்கை எடுப்பா காட்ட ஃபில்லர்னு முதல் தடவையிலயே இறங்காதீங்க. போட்ட இடம் திடீர்னு வெளுத்துப் போறது, வலை மாதிரி நீலத் திட்டு விழுறது, போகப் போக வலி கூடுறது, இதுல எது வந்தாலும் நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தூங்கிடாதீங்க, உடனே போன் பண்ணி உடனே போகணும். கண்ணு மங்கினா மணிக்கணக்கு இல்ல, நிமிஷக்கணக்குதான். டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேக்க வேண்டிய கேள்வி: "ஹயலுரானிடேஸ் இப்போ இந்த கிளினிக்ல இருக்கா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு நான் யாருக்கு போன் பண்ணணும்?" இதுக்குத் தெளிவா பதில் வரலன்னா அங்க போட்டுக்காதீங்க.

சாதாரணமா வர்றது வீக்கம், கன்னிப்போய் நீலமாகுறது, ஒரு வாரம் பத்து நாள். ரெண்டு வாரம் பார்லர்ல ஃபேஷியல் மசாஜ் கூடாது, பல் டாக்டர்கிட்ட பெரிய வேலை எதுவும் வச்சுக்காதீங்க. கன்னத்துக்குக் கொஞ்சமா போட்டாலே மூக்கோரத்துல இருந்து வாய்க்கு எறங்குற மடிப்பு லேசாகும், எனக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு மில்லி, அவ்வளவுதான். அந்த மடிப்பையே நேரா நிரப்பிக்கிட்டே போனவங்க முகம் உப்பிப் போனதை நீங்களே எங்கயாவது பார்த்திருப்பீங்க.

பீல், லேசர்: நம்ம நிறத்துக்கு வேற கணக்கு

1975-ல ஃபிட்ஸ்பாட்ரிக்ங்கிற அமெரிக்க டாக்டர் தோலை வெயிலுக்கு எப்படி நடந்துக்குதுன்னு பார்த்து வகை பிரிச்சார், இப்போ அது ஆறு வகை, ஒண்ணு ரொம்ப வெளுப்பு, ஆறு ரொம்பக் கருப்பு. நம்மள்ல ரொம்பப் பேர் நாலு, அஞ்சு, சிலர் ஆறு. இந்தத் தோலுக்கு சுருக்கம் லேட்டாத்தான் வரும், அது தோலுக்கு நிறம் குடுக்குற மெலனின் நமக்குத் தர்ற வரம். அதே மெலனின்தான் எந்தச் சூடு பட்டாலும், எந்தக் காயம் பட்டாலும் கருத்துப் போய் நிக்கும். வெள்ளைத் தோலுக்கு வச்சிருக்குற அளவுல மெஷினை வச்சுச் சுட்டா எனக்கு ஆன கதைதான்.

அதனால டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல காது பின்னாடியோ தாடைக்குக் கீழயோ சின்ன இடத்துல சோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பீல்னா மேலோட்டமான வகை, கிளைகாலிக், மாண்டெலிக், லாக்டிக் மாதிரி, ரெண்டு மூணு வாரம் இடைவெளி விட்டு நாலு தடவை ஆறு தடவைன்னு மெதுவா. ஆழமான ஃபீனால் பீல் நம்ம நிறத்துக்கு வேண்டவே வேண்டாம். கருந்திட்டுக்கு க்யூ ஸ்விட்ச்டு என்டி யாக் லேசர்ல 1064 நேனோமீட்டர் அலைநீளம், அது மேல்தோல் மெலனின்ல அதிகம் மாட்டாம உள்ள போகும்ங்கிறதால நமக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. மெல்லிசு சுருக்கம், தழும்புக்கு ஃப்ராக்‌ஷனல் சிஓ2, அதாவது தோல் முழுக்க உரிக்காம புள்ளி புள்ளியா சுட்டு நடுவுல நல்ல தோலை விட்டு வைக்கிறது, அதையும் குறைஞ்ச அளவுல பல தடவையாத்தான் பண்ணணும். மங்குக்கு லேசர்தான் முடிவுன்னு யாராவது அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க, குறையும், வெயிலும் அடுப்புச் சூடும் பட்டா திரும்ப வரும், க்ரீமும் சன்ஸ்க்ரீனும்தான் அதைக் கட்டிப் போடுறது.

கத்திரி வெயில்ல இதை ஆரம்பிக்காதீங்க, ஐப்பசியில இருந்து மார்கழிக்குள்ள வச்சுக்கிட்டா சுகம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்குறவங்க நடந்து முடிச்சு வந்து ஒரு மாசம் கழிச்சுப் பாருங்க. பண்ண பிறகு பொருக்கு தட்டினா பிய்க்காதீங்க, ஒரு வாரம் மஞ்சள், கடலை மாவு, எலுமிச்சை, த்ரெடிங், ப்ளீச் எதுவும் முகத்துல படக்கூடாது.

நடுவுல விக்கிற மத்ததெல்லாம்

ஹைஃபு அல்ட்ராசவுண்டால தோலுக்கு அடியில 4.5 மில்லிமீட்டர் வரைக்கும் சூடு குடுத்து இறுக்குறது, ரெண்டு மூணு மாசத்துல லேசா தெரியும், ஆரம்பத் தொய்வுக்கு மட்டும்தான், ஏற்கனவே ஒட்டின முகத்துக்கு வேண்டாம், இருக்குற கொழுப்பும் கரையலாம். நூல் போட்டு இழுக்குறதை நான் யாருக்கும் சிபாரிசு பண்றதில்ல, பிடிஓ நூல் ஆறு மாசத்துல கரையும், அதுக்குள்ள தோல்ல குழி விழுந்து சுருட்டிக்கிட்டவங்களைப் பார்த்துட்டேன்.

பிஆர்பின்னா உங்க ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்த விட்டு, பிரியுற பகுதியை முகத்துல ஊசியா குத்துறது. பலன் மிதமானது, சுத்தம்தான் எல்லாம். அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவுல இதைப் பண்ணிக்கிட்டதால மூணு பெண்களுக்கு ஹெச்ஐவி வந்துச்சுன்னு அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2024-ல அறிவிச்சுச்சு. ஊசி, ட்யூப் எல்லாம் உங்க கண் முன்னாடி பிரிக்கணும், ட்யூப்ல உங்க பேர் எழுதியிருக்கணும். வெள்ளையாகுறதுக்கு நரம்புல ஏத்துற குளூட்டாதயோன் ஊசியைப் பொறுத்தவரை, தோல் நிறம் மாத்த எந்த ஊசிக்கும் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி குடுத்ததே இல்ல, அதோட முடிச்சுக்குறேன்.

ஆபரேஷன்

தோல் மிச்சமா தொங்குதுன்னா அதை வெட்டித்தான் எடுக்கணும், அதுக்கு ஊசியில வழி இல்ல. என் மேல் இமைக்குப் பண்ணினது மரக்கிற ஊசி போட்டு, ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட, அன்னைக்கே வீட்டுக்கு வந்துட்டேன். முன்னாடி கண்ணு வறட்சி இருக்கான்னு சோதிச்சாங்க, வறட்சி இருக்குறவங்களுக்கு நிறைய தோல் எடுத்தா கண்ணு முழுசா மூடாது. எடுக்கப் போற தோலை உக்கார வச்சுத்தான் பேனாவால கோடு போட்டாங்க, படுத்தா அளவு மாறிடும். முதல் ரெண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலையை உயர்த்திப் படுக்கணும். ஆறாம் நாள் தையல் பிரிச்சாங்க, ரெண்டு வாரம் கண்ணைச் சுத்தி நீலம் மஞ்சள்னு நிறம் மாறிக்கிட்டே இருந்துச்சு, தழும்பு இமை மடிப்புக்குள்ள போயிடுச்சு, இப்போ தேடினாலும் கிடைக்காது. கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது, முதல் ரெண்டு நாள்ல ஒரு கண்ணுல மட்டும் கடுமையான வலி, முழி பிதுங்குற மாதிரி வீக்கம், பார்வை மங்கல் வந்தா கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் கசியுதுன்னு அர்த்தமா இருக்கலாம், விடியுற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. வீட்டுல ஒருத்தர் கூட இருக்கணும், எனக்கு என் பொண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா டார்ச் அடிச்சு "அம்மா, எத்தனை விரல்"னு கேட்டுக்கிட்டே இருந்தா.

கன்னம், தாடை, கழுத்து எல்லாம் எறங்கிப் போனா ஃபேஸ்லிஃப்ட். வெறும் தோலை இழுத்துத் தைக்கிறது பழைய முறை, அதுலதான் முகம் விறைச்ச மாதிரி ஆகும். 1976-ல ரெண்டு பிரெஞ்சு டாக்டருங்க தோலுக்கும் முகத் தசைக்கும் நடுவுல இருக்குற ஸ்மாஸ்ங்கிற உறையை விவரிச்சாங்க, இப்போ அந்த அடுக்கைத் தூக்கிக் கட்டிட்டு தோலைத் தளர்வா மேல விடுறாங்க. பல மணி நேர ஆபரேஷன், பெரும்பாலும் முழு மயக்கம், தழும்பு காது முன்னாடி மடிப்புல ஆரம்பிச்சு பின்னாடி போகும். ரெண்டு மூணு வாரத்துக்கு விசேஷத்துக்குப் போக முடியாது, கன்னம் மரத்த மாதிரி மாசக்கணக்குல இருக்கும். அதிகமா வர்ற பிரச்சினை தோலுக்கு அடியில ரத்தம் கட்டுறது, அதுவும் முதல் நாள்லயே, பிபி கட்டுப்பாட்டுல இல்லன்னா இன்னும் ஜாஸ்தி. முக நரம்பு அடிபடுற ஆபத்தும் உண்டு. சிகரெட் பிடிக்கிறவங்க குறைஞ்சது நாலு வாரம் முன்னாடி நிறுத்தணும், இல்லன்னா காது பின்னாடித் தோல் ரத்தம் இல்லாம செத்துப் போகலாம். இதை மயக்க மருந்து டாக்டரும் அவசர சிகிச்சை வசதியும் இருக்குற ஆஸ்பத்திரியில மட்டும் பண்ணிக்கோங்க, மாடியில ரெண்டு ரூம் கிளினிக்ல இல்ல.

முகூர்த்தத்துல இருந்து பின்னாடி எண்ணுங்க

விசேஷம் இருக்குறவங்க முகூர்த்தத் தேதியை எழுதிட்டு பின்னோக்கி எண்ணணும். ஃபேஸ்லிஃப்ட்னா ஆறு மாசம் முன்னாடி, இமைன்னா மூணு மாசம். பீல், லேசர் நாலஞ்சு மாசம் முன்னாடி ஆரம்பிச்சு கடைசி தடவை ஒன்றரை மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், கருத்தாலும் தணிய நேரம் வேணும். ஃபில்லர் ஒன்றரை மாசம், போடாக்ஸ் ஒரு மாசம் முன்னாடி, அதுல ரெண்டு வாரம் பிடிக்க, ரெண்டு வாரம் திருத்த. கடைசி ரெண்டு வாரம் புதுசா எதுவுமே முகத்துல படக்கூடாது, நலங்குக்கு மஞ்சள் பூச வர்ற அத்தைங்ககிட்டயும் கன்னத்துல மட்டும் லேசா தொட்டு வைங்கன்னு முன்னாடியே சொல்லி வைங்க.

ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, ஒரே நாள்ல மூணும் பண்ணிட்டா எது பலன் குடுத்துச்சு எது கெடுத்துச்சுன்னு தெரியாது. ஒரு சின்ன நோட்டு வச்சுக்கோங்க. தேதி, டாக்டர் பேர், பிராண்டு, எத்தனை யூனிட் எத்தனை மில்லி, எந்த இடம்னு எழுதுங்க, ஃபில்லர் டப்பாவுல பேட்ச் நம்பரோட ஒரு ஸ்டிக்கர் வரும், அதைக் கேட்டு வாங்கி ஒட்டுங்க. அதே ஜன்னல், அதே நேரம், முகத்துல ஒண்ணும் போடாம முன்னாடி ஒரு போட்டோ, ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு, மூணு மாசம் கழிச்சு ஒண்ணு. அடுத்த தடவை வேற டாக்டர்கிட்ட போக வேண்டி வந்தா அந்த நோட்டை அவங்க மேசையில வைங்க.